வெளிநாடு போன பிள்ளைகளும் ஊரில் இருக்கும் நாங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில். அம்மாவுக்கு நாலு பிள்ளைகள். பெரியண்ணா 1985 இல் புறப்பட்டு இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார். அக்கா கலியாணம் செய்து 1991 இல் சுவிஸுக்குப் போனார். சின்னண்ணா, யாழ்ப்பாணத்தார் கூட்டமாக ஊரை விட்டு வெளியேறிய 1995 ஐப்பசி இடப்பெயர்வுக்கு அடுத்த வருடம் பாரிஸுக்குப் போனார். கடைக்குட்டி நான் அம்மா அப்பாவோடு நின்றுவிட்டேன். 2023 புரட்டாதியில் என் ஒரே மகனும் லண்டனுக்குப் படிக்கப் போய்விட்டான். அதனால் நிற்கிறவர்களும் என்னிடம் கேட்கிறார்கள், போகப் போகிற பிள்ளைகளும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

தினமும் போனில் கோல் எடுக்க வேண்டுமா?

தினமும் தேவையில்லை. ஆனால் எந்த நாள், எத்தனை மணி என்பது வீட்டில் இருக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அம்மாவுக்குப் பெரியண்ணாவின் நாள் ஞாயிறு காலை எட்டு மணி. ரொறன்ரோவில் அப்போது சனி இரவு பத்தரை. ஏழே முக்காலுக்கே முகம் கழுவி, திருநீறு பூசி, போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு முன்னால் இருந்துவிடுவார்.

ஒருமுறை கார்த்திகை (நவம்பர்) தொடங்கும் காலம், எட்டரையாகியும் கோல் வரவில்லை. அம்மா எழும்பவும் இல்லை, தேத்தண்ணி குடிக்கவும் இல்லை. ஒன்பது மணிக்கு அண்ணா வழக்கம்போல எடுத்தார். அங்கே மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள், அதை எங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டார். கனடாவோடு நமக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், பனிக்காலத்தில் பத்தரை. லண்டனோடு நாலரையும் ஐந்தரையும். பாரிஸ், சுவிஸ் என்றால் மூன்றரையும் நாலரையும். மணிக்கூடு மாறும் கிழமையில் ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள், பிள்ளைகளே. எண்பது வயதுக்காரருக்கு அந்த ஒரு மணி நேரம் மிக நீளம்.

"சாப்பிட்டியா" என்று கேட்ட பிறகு கதைக்க ஒன்றும் இல்லை. என்ன செய்வது?

இதை அம்மாமாரும் கேட்கிறார்கள், பிள்ளைகளும் கேட்கிறார்கள். விசாரிப்பை விட்டுவிட்டு ஏதாவது வேலையைச் சேர்ந்து செய்யுங்கள் என்று சொல்வேன். என் மகன் சமைக்கும்போதுதான் எனக்கு எடுப்பான். "அம்மா, தூள் இப்ப போடவோ, பால் விட்ட பிறகோ?" என்று கேட்பான். நான் இங்கே முருங்கைக்காய் உரித்துக்கொண்டு இருப்பேன். சில நேரம் ஐந்து நிமிடம் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்க மாட்டோம். அங்கே சட்டி கொதிக்கிற சத்தம் கேட்கும், இங்கே காகம் கத்துகிற சத்தம் அவனுக்குக் கேட்கும். முன்பு குசினிக்குள்ளும் நாங்கள் அப்படித்தானே இருந்தோம்?

ஊர்ப் புதினங்களையும் விடாமல் சொல்லுங்கள். ஒழுங்கையில் யாருடைய வேலி மதிலானது, கோயில் கேணியில் தண்ணீர் எவ்வளவு என்பதெல்லாம் அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. அவர்கள் மனதில் ஊர் போன நாளோடு நின்றுபோயிருக்கும். நீங்கள் சொல்லச் சொல்லத்தான் அது நகரும்.

நோய் வருத்தம் வந்தால் அவர்களுக்குச் சொல்ல வேண்டுமா? வீணாக ஏன் கவலைப்படுத்துவான்?

சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பழைய கடிதங்களில் முதல் வரி எல்லாருக்கும் பாடம்: "நாங்கள் இங்கு நலம். அதுபோல் உங்கள் நலமறிய ஆவல்." தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, ஒரு கடிதம் வந்து சேர மாதங்கள் ஆகும். கடிதம் கைக்குப் போகும்போது காய்ச்சல் மாறியிருக்கும், அல்லது ஆளே இருக்க மாட்டார். அந்தக் காலத்தில் "நலம்" என்று எழுதியது ஒரு இரக்கம். இப்போது போன் கையில் இருக்கிறது. ஆனாலும் அந்த முதல் வரியை நாங்கள் விடவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. "அவங்களுக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை, வேலை இடத்திலை யோசிச்சுக்கொண்டு நிப்பாங்கள்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். கட்டுப் போட்ட கையைச் சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு இரண்டு ஞாயிறு கதைத்தார். மூன்றாவது ஞாயிறு பெரியண்ணா கேட்டார்: "அம்மா ஏன் இடக்கையாலை கோப்பையைப் பிடிக்கிறா?" நான் வாய் திறக்கவில்லை. அம்மா சிரித்தார். அண்ணா அழுதுவிட்டார். அதற்குப் பிறகு ஆறு மாதம், அம்மா எதைச் சொன்னாலும் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு "உண்மையோ தங்கச்சி?" என்று கேட்டார். அம்மா வெறும் தலையிடி என்று சொன்னாலும் அங்கே அவருக்கு நித்திரை போய்விடும். கை ஆறு கிழமையில் பொருந்தியது. நம்பிக்கை பொருந்த அதைவிட எவ்வளவோ காலம் எடுத்தது.

பிள்ளைகளும் இதையேதான் செய்கிறார்கள். என் மகன் போன புதிதில் "நல்ல அறை அம்மா" என்று சொன்னான். ஒருநாள் இடையில் வாய் தவறி "வைக்கிறன் அம்மா, இப்ப படுக்கிறது என்ரை முறை" என்று சொல்லிவிட்டான். நாலு பெடியள் இரண்டு கட்டிலில் முறை வைத்துப் படுத்திருக்கிறார்கள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் ஒரு ஆறுதலும் வந்தது: இனி அவனிடம் எதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் உடனே கொட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பரிசோதனை முடிவு வரும் வரை இரண்டு நாள் பொறுக்கலாம். முடிவு வந்த பிறகு சொல்லிவிடுங்கள். வைத்தியர் என்ன சொன்னார், என்ன மருந்து, அடுத்த கிளினிக் எப்போது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விபரம் தெரிந்த கவலையைத் தாங்கலாம்.

எவ்வளவு காசு அனுப்ப வேண்டும்?

தொகை சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் ஒழுங்கு சொல்லலாம். போய் முதல் ஒரு வருடம் ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள். போவதற்குப் பட்ட கடன், அறை வாடகை, குளிர் உடுப்பு எல்லாம் அந்த வருடத்தில்தான் நிற்கும். மாணவர் விசாவில் பிரிட்டன் போன பிள்ளை படிப்புத் தவணையில் கிழமைக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. "அவன்ரை கூட்டாளி வீடு கட்டிப்போட்டான்" என்று சொன்னால் அவன் எங்கேயாவது களவாக வேலை செய்யப் போவான், பிடிபட்டால் விசா போய்விடும்.

பிறகு அனுப்புவதாக இருந்தால் சின்னத் தொகையை மாதாமாதம் ஒரே நாளில் அனுப்புங்கள். பெரிய தொகை எப்போதோ ஒருமுறை வருவதை விட அது மேல், மருந்துக் கடைக்கும் பால்காரருக்கும் தவணை சொல்லத் தேவையில்லை.

2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பங்குனி (மார்ச்) தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் வைகாசியில் 360 ஆனது. புரட்டாதியில் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. வெளியில் ஆள் இல்லாத வீடுகளில் மாவும் மண்ணெண்ணெயும் எண்ணி எண்ணிச் செலவழித்தார்கள். அந்தக் காலத்தில் பலர் உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம், காசு அனுப்பினார்கள், வங்கியை விட இரண்டு ரூபா கூட வரும் என்று. நான் வங்கியைத்தான் சொல்வேன். உண்டியலில் போன காசு நடுவில் நின்றால் போய்க் கேட்க ஒரு இடம் இல்லை.

வெளிநாட்டுக் காசில் சீவிப்பது ஏதோ புதுப்பழக்கம் என்று சிலர் ஏசுவார்கள். எங்கள் பூட்டன் காலத்திலேயே யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கிளார்க்காகவும் ரயில்வே வேலைக்கும் போனவர்கள்தான். மணியோடரில் கட்டிய நாற்சார் வீடுகள் இன்னும் நிற்கின்றன. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நான்தான் பெற்றோரைப் பார்க்கிறேன். வெளிநாட்டில் இருக்கிற அண்ணன்மார் காசு அனுப்பிவிட்டு அதிகாரம் செய்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

எனக்கு வருகிற கேள்விகளில் இதுதான் கூட. பெரும்பாலும் பெண்பிள்ளைகள், சில வீடுகளில் கடைசித் தம்பி.

இரவு இரண்டு மணிக்கு ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவது, கிளினிக் வரிசையில் விடிய ஐந்து மணிக்கு நிற்பது, பாயை அலசுவது எதுவும் காசில் தெரியாது. அதனால் அங்கே இருப்பவர் கண்ணில் அது படாது. "நாங்கள் அனுப்புறம்தானே" என்ற சொல் எங்கள் வீட்டிலும் வந்தது. நான் ஒரு வருடம் அண்ணாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அதை மாற்றியது ஒரு கொப்பி. அம்மாவின் ஒரு நாளை அப்படியே எழுதினேன்: காலை 5.10 கழிப்பறை, 5.40 பிரஷர் குளிசை, 6.00 இஞ்சித் தேத்தண்ணி, 6.20 சத்தி (வாந்தி), உடுப்பு மாற்றியது, திரும்பவும் குளிசை கொடுப்பதா என்று தாதியிடம் கேட்டது. இரவு 11.30 வரை இரண்டு பக்கம் வந்தது. கீழே மாதச் செலவையும் எழுதி, படம் எடுத்து மூன்று பேருக்கும் அனுப்பினேன். சண்டை பிடிக்க அனுப்பவில்லை, தெரியட்டும் என்றுதான் அனுப்பினேன். அடுத்த ஆவணியில் அக்கா ஒரு மாத விடுமுறை எடுத்து வந்தார். "நீ போய் எங்கேயாவது இரு" என்று என்னை அனுப்பிவிட்டு அம்மாவைத் தனியாகப் பார்த்தார். நான் திருகோணமலையில் சித்தி வீட்டில் எட்டு நாள் படுத்து எழும்பினேன். திரும்பி வந்தபோது அக்கா வாசலில் நின்று என் கையைப் பிடித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வருடத்தில் ஒரு மாதம் வந்து நின்று பாருங்கள், அல்லது உதவிக்கு ஒரு ஆளைப் பிடித்துச் சம்பளத்தை நேரே கொடுங்கள். நிற்கிறவர்களுக்கு ஒன்று: கணக்குக் காட்டுவதைச் சந்தேகம் என்று எடுக்காதீர்கள். பற்றுச்சீட்டைப் படம் எடுத்துப் போட்டுவிட்டால் உங்கள் மேல் ஒரு சொல் விழாது.

முதியோர் இல்லத்தில் விடுவது பாவமா?

இல்லை. கைதடியில் அரச இல்லம் இருக்கிறது, தனியார் இல்லங்களும் இருக்கின்றன. பிள்ளைகள் எல்லாரும் வெளியில், பெரிய வீட்டில் தாய் தனியாக இருந்து விழுந்து கிடப்பதை விட நாலு பேர் நடுவில் இருப்பது நல்லது. ஆனால் அந்தத் தாயிடம் கேட்காமல் முடிவெடுப்பது பிழை. வேண்டுமென்றே பெற்றோரைக் கைவிடும் பிள்ளையிடம் பராமரிப்புக் கேட்க 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த அளவுக்குப் போகும் முன் ஊரில் ஒரு பெரியவரை வைத்துக் கதையுங்கள்.

அம்மா அப்பாவை அங்கே கூப்பிடலாமா?

கனடாவில் சுப்பர் விசா இருக்கிறது. பெற்றோரும் அம்மம்மா அப்பப்பா போன்றவர்களும் ஒரு தடவை போனால் ஐந்து வருடம் வரை நிற்கலாம். மருத்துவக் காப்புறுதியும் கூப்பிடுகிறவரின் வருமானமும் காட்ட வேண்டும். ஐரோப்பாவில் வருகை விசா பெரும்பாலும் மூன்று மாதம். என் அனுபவத்தில் வயதானவர்களுக்கு ஒரு கோடை போதும். அம்மா 2016 இல் ரொறன்ரோ போனார், பனி தொடங்கிய பிறகு யன்னலில் முகத்தை வைத்துக்கொண்டே இருந்தாராம். எல்லாரும் வேலைக்குப் போன வீட்டில் பகல் முழுக்க யாரோடு கதைப்பது?

அகதியாகப் போன மகன் எங்களைப் பார்க்க ஊருக்கு வரலாமா?

அவசரப்படாதீர்கள். அகதி அந்தஸ்துப் பெற்றவர், அந்த நாட்டுக் குடியுரிமை எடுக்க முன் இலங்கைக்கு வந்தால் அந்தஸ்தே பறிபோகலாம். கனடாவில் நிரந்தர வதிவிடமும் சேர்ந்து போகக்கூடும். "எல்லாரும் வந்து போகினம், நீ ஏன் வரேல்லை?" என்று கேட்டு அந்தப் பிள்ளையை நெருக்காதீர்கள். முதலில் அங்கே ஒரு சட்டத்தரணியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இடைப்பட்ட வழியாகப் பல குடும்பங்கள் இந்தியாவில் சந்திக்கின்றன. சின்னண்ணாவை அம்மா பதினொரு வருடத்துக்குப் பிறகு முதன்முதலில் பார்த்தது திருச்சியில் ஒரு லொட்ஜில். இப்போது அது கொஞ்சம் சுலபம். பலாலியிலிருந்து சென்னைக்கு 2019 இல் விமானம் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 மார்கழியில் திரும்பத் தொடங்கியது. கட்டுநாயக்காவுக்கு இரவு முழுக்க பஸ்ஸில் போகத் தேவையில்லை.

கலியாணம் செய்த உடனே ஒருவர் மட்டும் போகலாமா?

போகும் முன் விதியைப் பாருங்கள். 2024 தையிலிருந்து பிரிட்டனுக்கு மாணவராகப் போகிறவர், ஆய்வுப் படிப்பைத் தவிர மற்றப் படிப்புகளுக்கு, துணையைக் கூட்டிப்போக முடியாது. பராமரிப்பு வேலைக்குப் புதிதாகப் போனவர்களுக்கும் அதே வருடம் பங்குனியில் அந்த வழி அடைபட்டது. ஒரு வருடம் என்று நினைத்த பிரிவு நாலு வருடமாகும். நின்றுவிட்ட மருமகளை "அவனுக்கு வழி கிடைக்கும் மட்டும் இரு" என்று வீட்டுக்குள் பூட்டி வைக்காதீர்கள். அவள் படிக்கட்டும், வேலைக்குப் போகட்டும்.

வீடும் வளவும் யாருக்கு?

பெற்றோர் இருக்கும்போதே, எல்லாரும் லைனில் இருக்கும்போதே கதையுங்கள். நமக்கு 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுதி வைத்த தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், இன்றும் சட்டம். முதுசம் (பரம்பரையாக வந்தது) எது, சீதனம் எது, தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு சம்பாதித்தது) எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பங்கை வெளியாருக்கு விற்க முதல் பங்காளிகளுக்குச் சொல்ல வேண்டும். அக்காவின் பெயரில் உள்ள காணியை எழுத அத்தானின் சம்மதமும் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அற்றோணித் தத்துவம் (தனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கும் அதிகாரம்) கொடுத்தால் எந்த வேலைக்கு என்று வரையறுத்துக் கொடுங்கள். வெறுங்காணியை வருடத்துக்கு ஒருமுறையாவது துப்புரவாக்கி எல்லை பாருங்கள், பத்து வருடம் இன்னொருவர் தடையில்லாமல் ஆண்டால் வழக்காகிவிடும். மிச்சத்தை உறுதி எழுதும் நொத்தாரிசிடம் கேளுங்கள்.

செத்தவீட்டுக்கு வர முடியாவிட்டால்?

அப்பா 2019 தையில் போனார். பெரியண்ணாவுக்கு உடனே ரிக்கெற் கிடைக்கவில்லை, பாரிஸிலிருந்து சின்னண்ணாவாலும் வர முடியவில்லை. தகப்பனுக்கு மூத்தமகன் கொள்ளி வைப்பது வழக்கம். அன்று நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டிய பேரன், என் மகன், பதினாறு வயதில் கொள்ளிக்குடம் தூக்கினான்.

பந்தல் காலில் போனைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தோம். மதியம் பன்னிரண்டு மணி, ரொறன்ரோவில் இரவு ஒன்றரை. அண்ணா வேட்டி கட்டி, தோய்ந்து, ஈரத்தலையோடு நிலத்தில் இருந்தார். ஐயர் அரிசி போடச் சொன்னபோது அவர் அங்கே கையில் வைத்திருந்த அரிசியைத் திரைக்கு முன்னால் போட்டார். ஒப்பாரி சொல்லிக்கொண்டு இருந்த பெரியமாமி அதைக் கண்டுவிட்டு, எழும்பி வந்து போனை ஒருதரம் தடவிவிட்டுப் போனார்.

வர முடியாதவருக்கு ஒரு வேலை கொடுங்கள் என்பதுதான் நான் சொல்வது. சும்மா பார்த்துக்கொண்டு இருக்க விடாதீர்கள். தேவாரம் படிக்கச் சொல்லலாம், அறிவித்தல் எழுதச் சொல்லலாம். முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கோ பிறகு ஒரு ஆடி அமாவாசைக்கோ வரட்டும். அண்ணா அந்த வருட ஆடி அமாவாசைக்கு வந்தார். கீரிமலைக் கேணியில் மூழ்கி எழும்பியவர் கனநேரம் படியில் இருந்தார். நாங்கள் கூப்பிடவில்லை.

பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் குறைவு. அம்மம்மாவோடு எப்படிக் கதைப்பார்கள்?

பரீட்சை வைக்காதீர்கள். "தமிழ் தெரியாதோ?" என்று ஒருமுறை கேட்டால் அந்தப் பிள்ளை அடுத்த கோலுக்கு வராது. அக்காவின் பேத்தி ஜெர்மன்தான் கூடக் கதைக்கிறாள். அம்மா போனைக் கோழிக்கூட்டுக்குக் கொண்டுபோய் முட்டை எண்ணச் சொல்வார். ஒன்று, இரண்டு, மூன்று. இப்போது இருபது வரை வந்துவிட்டது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் அங்கே பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் ஒட்டியே வரும், அந்த நேரம் கூட்டி வாருங்கள்.

வரும்போது என்ன கொண்டு வர, போகும்போது என்ன கொடுத்துவிட?

சொக்கிளேற் போதும் என்று சொல்லிவிடுங்கள். கொடுத்துவிட வறுத்த தூள், புழுக்கொடியல், பருத்தித்துறை வடை. மாம்பழம், கறிவேப்பிலை, இறைச்சி வேண்டாம், விமான நிலையத்தில் எடுத்துவிடக்கூடும்.

உங்கள் மகன் திரும்பி வருவானா?

இதையும் கேட்கிறார்கள். அவன் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. போன கிழமை "கிணற்றடி எலுமிச்சை காய்ச்சதோ அம்மா?" என்று கேட்டான். அது போன கோடையிலேயே பட்டுப்போய்விட்டது. "காய்க்குது" என்று சொல்ல வாய் வந்தது. பட்டுப்போச்சு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "அதிலை வேறை ஒண்டு வையுங்கோ" என்றான். சனிக்கிழமை இங்கே பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு கன்று வாங்கி வைத்திருக்கிறேன். நட்டதைப் படம் எடுத்து அனுப்பினேன். வேருக்கு நிழல் வேணும், பக்கத்தில் ஓலை குத்தி விடச் சொன்னான்.